1.2 நொடி

2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த க்வாண்டாஸ் 72 விமானத்தில் 303 பயணிகள், 12 ஊழியர்கள். ஏர்பஸ் ஏ330 ரகம். உயரம் 37,000 அடி. வானம் தெளிவாக இருந்தது, குலுக்கல் எதுவும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலிய நேரப்படி மதியம் 12.40 வாக்கில் ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொண்டது. கேப்டன் கெவின் சல்லிவன் விமானத்தைக் கையில் எடுத்தார். அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர் அவர். எதிரே இருந்த திரையில் பழுதுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கூடவே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, விமானம் காற்றில் பிடிமானம் இழந்து விழப்போகிறது என்றது. இன்னொன்று, தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிவிட்டது என்றது. ஒன்று வேகத்தைக் கூட்டச் சொல்கிறது, மற்றது குறைக்கச் சொல்கிறது. அன்றைக்கு இரண்டுமே பொய்.

துணை விமானி ஓய்வுக்காக வெளியே போயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் இரண்டாம் அதிகாரி. துணை விமானியைத் திரும்ப அழைக்கச் சொல்லி கேப்டன் கேட்டுக்கொண்டார். அந்த அழைப்பு போய்ச்சேரும் நேரத்தில் விமானத்தின் மூக்கு திடீரென்று கீழே சாய்ந்தது. 8.4 டிகிரி சாய்வு, 650 அடி இறக்கம். எழுதும்போது பெரிதாகத் தெரியாத எண்கள்தான். ஆனால் பெல்ட் போடாமல் இருந்தவர்களையும் நின்றுகொண்டிருந்தவர்களையும் பொறுத்தவரை, விமானம் அவர்களை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டது. கூரை வந்து தலையில் இடித்தது. சல்லிவன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். முதல் கணத்தில் விமானம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மேலே ஏற்றி நிலைப்படுத்தி, திரையில் வந்த செய்திகளை இருவரும் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாவது முறை சாய்ந்தது.

குறைந்தது 110 பயணிகளுக்கும் 9 ஊழியர்களுக்கும் அடி. 12 பேருக்குப் படுகாயம். முதலில் ‘பான்’ என்ற அவசர அழைப்பு கொடுத்தார்கள், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் அதை ‘மேடே’ ஆக்கினார்கள். 1.32-க்கு லியர்மந்த் என்ற சிறிய விமானத்தளத்தில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை.

விமானி இழுக்கிறார், விமானம் எதிர்த்திசையில் போகிறது. எந்தப் பொருளும் உடையவில்லை, இன்ஜின் நன்றாக இருக்கிறது, இறக்கை நன்றாக இருக்கிறது. அப்படியானால் மூக்கைக் கீழே அழுத்தியது யார்? என்னை இந்தக் கேள்விதான் இந்த விபத்தின் பக்கம் இழுத்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தொழில்முறைக் கேள்வி. ஆனால் கொஞ்சம் தோண்டினால் அது தொழில் சம்பந்தப்பட்டதாக மட்டும் நிற்பதில்லை.

இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் கோணம் விமானத்துக்கு உயிர்நாடி. ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் ஆஃப் அட்டாக்’ என்பார்கள், இங்கே காற்றுக்கோணம் என்று வைத்துக்கொள்கிறேன். அது ஒரு அளவுக்கு மேல் போனால் இறக்கை விமானத்தைத் தூக்குவதை நிறுத்திவிடும். ‘ஸ்டால்’ என்பது அதுதான். ஏ330-இல் இந்தக் கோணம் ஆபத்தான அளவை எட்டினால் கணினியே மூக்கைக் கீழே இறக்கும், விமானி எதிர்த்து இழுத்தாலும். அது பாதுகாப்பு ஏற்பாடு. நல்ல ஏற்பாடும்கூட.

கோணத்தைச் சொல்ல மூன்று தனித்தனிக் கருவிகள். மூன்று சாட்சிகள் என்று சொல்லலாம். அன்று முதலாம் கருவி கெட்டுப்போனது, அதுவும் விசித்திரமான விதத்தில். விமானத்துக்குள் தகவல்கள் பொட்டலங்களாகப் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்திலும் 32 பிட்டுகள், அதில் முதல் 8 பிட்டுகள் லேபிள். இது வேகம், இது உயரம், இது கோணம் என்று அந்த லேபிள்தான் சொல்கிறது. முதலாம் கருவி அவ்வப்போது லேபிளை மாற்றி ஒட்டி அனுப்ப ஆரம்பித்தது. மல்லித்தூள் டப்பாவில் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்த மாதிரி. 37,000 அடிச் சொச்சம் என்ற உயரத்தின் பிட்டுகளைக் கோணம் என்று நினைத்துப் படித்தால் 50.6 டிகிரி என்று வரும். பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்துக்கு 50 டிகிரி என்பது பைத்தியக்காரத்தனமான எண்.

வடிவமைத்தவர்கள் இப்படிப்பட்ட எண்களை எதிர்பார்த்தே இருந்தார்கள். இது முக்கியம். ஒரு சாட்சி மற்றவர்களிடமிருந்து விலகிச் சொன்னால், கணினி அதை நம்பாமல், கடைசியாகச் சரியாக இருந்த மதிப்பையே 1.2 நொடிக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நொடிக்கு மேல் தொடர்ந்து விலகினால் அந்தச் சாட்சியை அந்தப் பயணம் முழுவதும் ஒதுக்கிவிடும். ஆனால் முதலாம் கருவி தொடர்ந்து பொய் சொல்லவில்லை. கண்ணிமைக்கும் நேரம் பொய், அப்புறம் உண்மை, அப்புறம் மறுபடி பொய். 1.2 நொடி முடிகிற அந்தக் கணத்தில் என்ன எண் வருகிறதோ அதைக் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது எழுதியிருந்த விதி. முதல் பொய்க்குச் சரியாக 1.2 நொடி கழித்து இரண்டாவது பொய் வந்தது. கணினி நம்பியது. 50 டிகிரியா என்று பதறி மூக்கை அழுத்தியது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் மூன்று வருடம் விசாரித்து 2011 டிசம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. எந்தக் காரணத்தால் அந்தக் கருவி லேபிளை மாற்றி ஒட்டியது என்பது கடைசிவரை தெரியவில்லை. சோதனைச்சாலையில் அந்தப் பழுதைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் ஒரு பிட்டைத் தட்டியிருக்கலாம் என்ற சாத்தியத்தையும் பார்த்தார்கள், உறுதி செய்யப் போதிய ஆதாரம் இல்லை. 12.8 கோடி மணி நேர இயக்கத்தில் அந்தக் கருவிக்கு அந்தப் பழுது மூன்றே முறைதான் வந்திருக்கிறது. ஏ330, ஏ340 விமானங்கள் பறந்த 2.8 கோடி மணி நேரத்தில் அந்த 1.2 நொடி ஓட்டை மூக்கைச் சாய்த்தது இந்த ஒருமுறைதான்.

சரி, அப்படியென்றால் மூக்கை அழுத்தியது யார்? கணினி என்று சொல்வது சோம்பேறித்தனம். கணினிக்கு 1.2 என்ற எண்ணைக் கொடுத்தது மனிதர். பல வருடங்களுக்கு முன், ஒரு அலுவலகத்தில், நல்ல வெளிச்சத்தில், காபி பக்கத்தில் இருக்க, யாரும் கூரையில் தலை இடிக்காத ஒரு நாளில் எடுத்த முடிவு அது. 2008 அக்டோபர் 7-ஆம் தேதி நிறைவேற்றம் மட்டும்தான் நடந்தது.

என் தொழிலில் இந்த முடிவுகளை எடுக்கும் சடங்கு தினமும் நடக்கிறது. கோட் ரிவ்யூவில் ஒருவர் கேட்பார், “இது ரெண்டு தடவ அடுத்தடுத்து வந்தா என்ன ஆகும்?” எழுதியவர், “அதெல்லாம் வராது ப்ரோ” என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. எல்லாம் வரும் என்று வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தால் ஒரு நிரலும் முடியாது. பட்டியல் எங்கேயோ ஓரிடத்தில் முடிந்துதான் ஆக வேண்டும். நாங்கள் எழுதுவது பணப் பரிவர்த்தனை, டிக்கெட், டெலிவரி. வராது என்றது வந்துவிட்டால் யாருக்காவது இரண்டு தடவை பணம் பிடிக்கும், இரண்டு நாளில் திரும்பப் போகும். விமானத்தில் அதே வாக்கியத்தின் எடை வேறு. ஆனால் வாக்கியம் ஒன்றேதான் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அரிஸ்டாட்டில் தன் நிகோமாக்கிய அறவியலின் மூன்றாம் பகுதியில் அறியாமையைப் பற்றிப் பேசுகிறார். அறியாமல் செய்த காரியத்துக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அந்த அறியாமைக்கே நீதான் காரணம் என்றால் இல்லை. குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை என்ற சட்டத்தை உதாரணம் காட்டுகிறார். குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது என்பது வாதம். இந்த இரண்டு பெட்டிகளில் ஏ330-ஐ வடிவமைத்தவர்களை எதில் போடுவது? அவர்கள் மெத்தனமாக இருக்கவில்லை. மூன்று சாட்சிகள் வைத்தார்கள், விலகலைக் கண்டுபிடித்தார்கள், காத்திருக்கும் நேரம் வைத்தார்கள். விசாரணை அறிக்கை சொல்வது இதுதான்: ஒரே கருவியிலிருந்து அடிக்கடி இப்படித் துள்ளல்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை வடிவமைப்பின்போது முழுமையாக யோசிக்கவில்லை. குடிகாரனின் அறியாமை அல்ல இது. அதே சமயம், வழிப்போக்கன் தலையில் தேங்காய் விழுந்த கதையும் அல்ல.

பல நாள் யோசித்ததில் எனக்குப் பட்டது, அறியாமை என்ற சொல்லே இங்கே நம்மைத் திசை திருப்புகிறது என்பதுதான். அந்த எண்ணை எழுதியபோது நடந்த முக்கியமான காரியம், எதிர்காலத்தைத் தவறாகக் கணித்தது அல்ல. இன்னொருவர் சார்பாக ஒரு முடிவு எடுக்கப்பட்டது. “இந்தச் சாட்சியை எப்போது நம்புவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன்னைக் கேட்க மாட்டோம்” என்று. அந்த இன்னொருவர், கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி, கடல் கண்ணாடி முழுக்க நிறைந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த சல்லிவன்.

நமக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. எந்தப் பள்ளி, எந்த குரூப், எந்த ஊரில் வேலை, யாரைக் கல்யாணம் செய்வது என்று நம் சார்பாகப் பெரியவர்கள் முடிவெடுக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நாம். பல முடிவுகள் நல்லபடியாகவே முடிகின்றன. முடியாதபோது, இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் ஓரத்தில் வெடிக்கிற மனக்குறையைக் கவனித்திருக்கிறீர்களா? ‘தப்பா முடிவு பண்ணிட்டீங்க’ என்பது அரிது. ‘எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே’ என்பதுதான் அது. இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். முதலாவதற்கு, அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குச் சொல்ல முடியாது.

இந்த வித்தியாசத்தை வைத்து இன்னும் இரண்டு விபத்துகளைப் பார்க்கலாம்.

2009 ஜூன் 1, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. அதுவும் ஏ330-தான். வேகம் அளக்கும் குழாய்களில் பனிப்படிகம் அடைத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் வேகத் தகவல் போனது. ஆட்டோபைலட் கழன்றது. இங்கே கணினி விமானியை மீறவில்லை, மாறாகத் தன் பாதுகாப்புகளில் பெரும்பகுதியைக் கைவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஓட்டியவர் மூக்கை மேலே தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். ஸ்டால் எச்சரிக்கை 54 நொடி விடாமல் கத்தியது. பிறகு நின்றுவிட்டது. ஆபத்து நீங்கியதால் அல்ல. ஆபத்து அவ்வளவு முற்றிவிட்டதால். அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால், காற்றுக்கோணத்தின் அளவை நம்ப முடியாது, ஆகவே அது செல்லாது என்பது எழுதிய விதி. செல்லாத எண்ணை வைத்து எச்சரிக்கை எழுப்பக் கூடாது என்பது அதன் தொடர்ச்சி. தரையில் ஓடும் விமானத்துக்கு மிக நியாயமான விதி.

ஆனால் நடுக்கடலுக்கு மேலே, இருட்டில், அதன் பொருள் தலைகீழானது. விமானி மூக்கைக் கொஞ்சம் இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், வேகம் 60-ஐத் தாண்டும், எண் செல்லுபடியாகும், எச்சரிக்கை மறுபடி கத்தும். மூக்கைத் தூக்கினால், அதாவது தவறானதைச் செய்தால், அமைதி. சரியான காரியத்துக்கு அதட்டல், தவறான காரியத்துக்கு மௌனம். ஆட்டோபைலட் கழன்றதிலிருந்து கடலில் விழுந்தது வரை சுமார் 4 நிமிடம் 20 நொடி. 228 பேரும் இறந்தார்கள். விமானிகளின் பிழைகளை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, அவை அறிக்கையில் விரிவாக இருக்கின்றன. எச்சரிக்கை நின்றால் ஆபத்து நீங்கியது என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. ‘இப்போது எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கும் ‘இப்போது பிரச்சினை இல்லை’ என்பதற்கும் அந்த விமானம் ஒரே மௌனத்தைப் பயன்படுத்தியது. அதை யாரோ ஒருவர் முடிவு செய்திருந்தார்.

அடுத்தது போயிங் 737 மேக்ஸ். இந்தக் கதை பலருக்கும் தெரியும், ஆகவே சுருக்கமாக. எம்கேஸ் என்ற மென்பொருள் காற்றுக்கோணம் அதிகமானால் மூக்கை இறக்கும். விமானத்தில் கோணம் பார்க்க இரண்டு உணரிகள் இருந்தும் அது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. 2018 அக்டோபர் 29 லயன் ஏர் 610, 2019 மார்ச் 10 எத்தியோப்பியன் 302. மொத்தம் 346 உயிர்கள்.

கோணத்தைத் தவறாகச் சொன்ன ஒரு உணரி, அதை நம்பி மூக்கை அழுத்திய மென்பொருள், எதிர்த்து இழுத்த விமானி. மேலோட்டமாகப் பார்த்தால் க்வாண்டாஸ் 72-இன் நகல். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். எம்கேஸ் என்று ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. இருப்பதைச் சொன்னால் கூடுதல் பயிற்சி தேவைப்படும், பயிற்சி என்றால் விமான நிறுவனங்களுக்குச் செலவு. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில், தன் டெக்னிகல் பைலட்டுகள் இருவர் இந்த விஷயத்தில் அரசின் விமானக் கண்காணிப்பு அமைப்பை ஏமாற்றினார்கள் என்பதை போயிங் ஒப்புக்கொண்டது. துலூஸில் நடந்தது, பட்டியல் ஓரிடத்தில் முடிந்துபோனது. இங்கே நடந்தது, பட்டியலின் ஒரு வரியை மடித்து உள்ளே வைத்தது.

(சிலப்பதிகாரம் படிக்கும்போதெல்லாம் பாண்டியனின் அவையை ஒரு பொறியாளனாகப் பார்த்து எரிச்சல் அடைவேன். ஒரே ஒரு பொற்கொல்லனின் வாய்மொழி, அதுவும் திருடியவனே அவன். இரண்டாவது சிலம்பு கண்ணகி கையில் இருந்தது. உடைத்துப் பார்த்தால் மாணிக்கமா முத்தா என்று தெரிந்துவிடும். அந்த இரண்டாவது உணரியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் பாண்டியன் தெரிந்த கணத்திலேயே அரியணையிலிருந்து விழுந்து இறந்தான். அந்த வேகத்தில் பொறுப்பேற்ற கம்பெனி எதையும் நான் பார்த்ததில்லை.)

லயன் ஏர் விபத்துக்கு முந்தின இரவு அதே விமானத்தில் அதே கோளாறு வந்தது. அன்று காக்பிட்டில் மூன்றாவதாக ஒரு விமானி, வேலையில் இல்லாதவர், கூடுதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மூக்கைத் தானாகச் சாய்க்கும் மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர்கள் ஜகார்த்தா போய்ச் சேர்ந்தார்கள். சுவிட்ச் எப்போதும் அங்கேதான் இருந்தது. மறுநாள் ஓட்டியவர்கள் கைக்கும் எட்டும் தூரம்தான். எதனோடு சண்டை போடுகிறோம் என்ற தகவல்தான் எட்டவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எல்லாவற்றையும் விமானியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஒரு ஜெட்டின் மென்பொருளில் 1.2 மாதிரி எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனையும் கையேட்டில் போட்டால் கையேடு யாரும் படிக்காத புராணமாகிவிடும். செயலியில் ‘ஐ அக்ரீ’ அழுத்துகிற மாதிரி விமானியும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், பழி மட்டும் அழகாக இடம் மாறும். அதோடு இந்தத் தானியங்கிப் பாதுகாப்புகள் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கின்றன என்று யார் எண்ணுகிறார்கள்? 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320-இல் 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கேப்டன் கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்தும் விமானம் ஸ்டால் ஆகவில்லை என்றால், க்வாண்டாஸ் 72-ஐச் சாய்த்த அதே குடும்பத்தைச் சேர்ந்த பாதுகாப்புதான் காரணம். 2.8 கோடி மணி நேரத்தில் ஒரு முறை என்பது மனிதக் கைகளின் பிழைக் கணக்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இந்தக் கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். நாளைக்கே பெர்த் போக வேண்டும் என்றால் ஏ330-இல் ஏறுவேன், பெல்ட் மட்டும் கழற்ற மாட்டேன். ஆனால் கணக்கு பதில் சொல்வது ‘இந்த ஏற்பாடு வேண்டுமா’ என்ற கேள்விக்கு. ‘இந்த ஏற்பாடு சறுக்கும்போது அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது பிறக்கவே செய்கிறது.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இல் ‘தானியக்கத்தின் முரண்நகைகள்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான், இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. மனிதர் நம்பத்தகாதவர் என்று நினைக்கிற வடிவமைப்பாளர், முடிந்த வேலைகளையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுக்கிறார். எதை எப்படித் தானியக்கம் செய்வது என்று தெரியவில்லையோ அதை மட்டும் மனிதரிடம் விட்டுவிடுகிறார். அதாவது மிகக் கடினமானதை. தினமும் செய்து பழகும் வாய்ப்பைப் பிடுங்கிக்கொண்டு, வருடத்தில் ஒருநாள், எல்லாம் குழம்பிய நிலையில், ‘இந்தா பிடி’ என்று கொடுக்கிறார். அவர் எழுதியது தொழிற்சாலைகளையும் சேர்த்துத்தான். எனக்கு அது சல்லிவனின் காக்பிட்டாகவே தெரிகிறது.

இரண்டாவது சாய்வுக்கும் தரையிறங்கியதற்கும் நடுவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுவதும் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது: மூன்றாவது சாய்வு வருமா? சாட்டிலைட் தொலைபேசியில் தங்கள் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டார்கள். விமானம் தானாக அனுப்பிய பழுதுச் செய்திகள் அவர்கள் கைக்கும் வந்திருந்தன. என்ன பழுது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. எச்சரிக்கைகள் ஓயவே இல்லை. உயரத்தில் வந்தால் இழுத்துப் பிடிக்க இடம் இருக்கிறது. ஓடுதளத்துக்கு மேலே 500 அடியில் வந்தால் இல்லை. இறங்காமல் இருக்கவும் முடியாது, உள்ளே அடிபட்டவர்கள் கிடக்கிறார்கள். அன்று முதலாம் கருவியை முழுதாக அணைத்துவிட்டால் போதும் என்று அவரிடம் சொல்ல உலகில் யாருக்கும் தெரியாது. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம், வேறு யாரோ அமைதியான ஒரு நாளில் இறக்கி வைத்த சந்தேகத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது நடந்த உண்மை. சந்தேகம் காணாமல் போவதில்லை. வடிவமைப்பாளர் தன் மேசையில் இருந்து அகற்றிய ஒவ்வொரு துளியும் எங்கேயோ யார் மடியிலோ போய் விழுகிறது. ‘வராது’ என்று சொல்வது அதைத் தீர்ப்பதில்லை, முகவரி மாற்றி அனுப்புகிறது.

சல்லிவன் சில மாதங்கள் கழித்துத் திரும்பப் பறந்தார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் அவரை விடவில்லை. 2016-இல் பறப்பதை நிறுத்திக்கொண்டார், 2019-இல் அந்த நாளைப் பற்றி ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்ற புத்தகம் எழுதினார். 315 பேரையும் உயிரோடு இறக்கியவர். பாராட்டு எல்லாம் கிடைத்தது. ஆனால் தன் கையில் இருந்த விமானம் தன் சொல்லை மீறிப் போன அந்தச் சில நொடிகளை எந்தப் பாராட்டாலும் சரிக்கட்ட முடியவில்லை போலிருக்கிறது. விமானியின் பிழையால் நடந்திருந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது, விசாரணை இருக்கிறது, தண்டனையோ மன்னிப்போ இருக்கிறது. செய்யாத காரியத்தின் கண்ணெதிர் சாட்சியாக, அதுவும் கையில் கைப்பிடியோடு உட்கார்ந்திருந்தவருக்கு நம் அறவியலில் சரியான சொல்லே இல்லை. குற்றவாளியும் இல்லை, வெறும் பார்வையாளரும் இல்லை.

அந்த விபத்து நடந்த சில நாட்களுக்குள், மூல காரணம் துளியும் தெரியாத நிலையிலேயே, ஏர்பஸ் ஒரு காரியம் செய்தது. இந்த ரகக் கருவி பொருத்திய விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரு செயல்முறைக் குறிப்பு அனுப்பியது. இன்ன பழுதுச் செய்தி திரையில் வந்தால் காத்திருக்காதே, அந்தக் கருவியின் இந்த இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடு என்று. மென்பொருளில் 1.2 நொடி ஓட்டை அப்படியே இருந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் நாள் பிடித்தது.

2008 டிசம்பர் 27, பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு, எதிர்த்திசையில், க்வாண்டாஸ் 71. வேறொரு ஏ330. 36,000 அடியில் ஆட்டோபைலட் கழன்றது. திரையில் அதே செய்திகள். விமானிகள் குறிப்பில் இருந்தபடி இரண்டு பொத்தான்களையும் அணைத்தார்கள். பழுதுச் செய்திகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. மூக்கு சாயவில்லை. விமானம் பெர்த்துக்கே திரும்பி இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை.